மழை நாளில் லண்டன்: டைனோசரா, விண்கலமா?

சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் பொது நுழைவு இலவசம். ரயில் நிலையத்திலிருந்து சுரங்க நடைபாதை உண்டு என்பதால் பெருமளவு நனையாமல் போகலாம். ஆனால் வழியில் படிகள் உண்டு, குழந்தை வண்டி வைத்திருப்பவர்கள் மடக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் ஆறு வயதுக்குள் என்றால் இயற்கை வரலாறுதான். 25.2 மீட்டர் நீலத் திமிங்கல எலும்புக்கூடும் அசைந்து உறுமும் இயந்திர டி. ரெக்ஸ் டைனோசரும் விளக்கமே இல்லாமல் பிள்ளைகளைக் கட்டிப்போடும். சிக்கல் கூட்டம்தான். விடுமுறையில் மழை பெய்தால் ஊரே இங்கே வந்துவிடும். குரோம்வெல் சாலை வாசலில் வரிசை திறந்தவெளியில் நீளும். இலவச நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்துவிட்டு, காலை 10 மணிக்கே போய்விடுங்கள். டைனோசர் கூடத்தை முதலில் முடியுங்கள். மதியத்துக்கு மேல் அங்கே நகர்வதே கடினம்.

எட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு அறிவியல் அருங்காட்சியகமே மேல். 1969இல் நிலவைச் சுற்றிவந்த அப்பல்லோ 10 விண்கலத்தின், வெப்பத்தில் கருகிய மேற்பரப்பை அருகிலிருந்து பார்க்கலாம். தொட்டு இயக்கிப் பார்க்கும் ‘வொண்டர்லேப்’ கூடத்துக்குத் தனிக் கட்டணம். ஈரக் கோட்டுகளோடு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள்.