சிவப்புப் பலகையை மாற்றிய பிறகு

என் இரண்டு சக்கர ரோபோவில் மோட்டார்களை இயக்க முதலில் இருந்தது எல்298என் டிரைவர் பலகை, பெரிய கறுப்பு ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) வைத்த அந்தச் சிவப்புப் பலகைதான். நான்கு ஏஏ பேட்டரி, 6 வோல்ட். மோட்டார் முனையில் அளந்தால் 4 வோல்ட்தான் வந்தது. தரைவிரிப்பில் ஏறவே திணறியது. பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டேன், புதிதாகப் போட்டும் அதே கதை.

காரணம் சிப்புக்குள் இருக்கிறது. அதில் இருப்பவை பழைய பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போதே 2 வோல்ட் அளவுக்கு அவை விழுங்கி, வெப்பமாக்கிவிடும். 12 வோல்ட் மோட்டாருக்கு இது தாங்கக்கூடிய இழப்பு; 6 வோல்ட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

அப்புறம் அதே வேலையைச் செய்யும் டிபி6612எஃப்என்ஜி டிரைவர் பலகை வாங்கினேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, ஹீட்சிங்க் கிடையாது. உள்ளே இருப்பது மாஸ்ஃபெட், அதாவது குறைவாக மின்னழுத்தம் விழுங்கும் வேறு வகை டிரான்சிஸ்டர் என்பதால் இழப்பு அரை வோல்ட் அளவுதான். அதே பேட்டரியில் வண்டி பாய்ந்தது! எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பலகையின் எஸ்டிபிஒய் (ஸ்டாண்ட்பை) பின்னுக்கு ஹை சிக்னல், அதாவது மின்னழுத்தம், கொடுக்காவிட்டால் மோட்டார் அசையாது. ஒரு மாலை முழுக்க நிரலில் பிழை தேடினேன்.

இந்தச் சின்னப் பலகை ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு மோட்டாருக்கு, தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர், கணநேரம் 3.2 ஆம்பியர் வரை தாங்கும். மோட்டார் ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிட்டு வாங்குங்கள். மோட்டார் மின்னழுத்தம் 13.5 வோல்ட்டுக்கு மேல் போனால் இது சரிவராது. என் 24 வோல்ட் மோட்டாருக்கு இன்னமும் அந்தச் சிவப்புப் பலகைதான்.