சுங்கை சிப்புட் பட்டறையில் சிறு எஞ்சின் திறன் சோதனை

தோட்டத்து இளைஞர்களின் கப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும், மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்ப் பட்டறை ஒன்று, தானே அமைத்த நிலைம வகை டைனமோமீட்டரில் எஞ்சின் திறனையும் அளந்து தருகிறது. பின்சக்கரம் சுழற்றும் கனத்த எஃகு உருளையின் நிலைமத் திருப்புத்திறன் (சுழலும் வேகம் மாறுவதை அது எதிர்க்கும் அளவு) முன்கூட்டியே தெரிந்திருப்பதால், உருளை வேகமெடுக்கும் விகிதத்திலிருந்து முறுக்குவிசையையும், அதைக் கோண வேகத்தால் பெருக்கித் திறனையும் கணினி கணக்கிடுகிறது. நீளம் மாறாத உருளையில் விட்டம் இருமடங்கானால் நிலைமத் திருப்புத்திறன் 16 மடங்காகிவிடும். ஆகவே விட்டத்தை அளப்பதில் நேரும் சிறு பிசகும் முடிவைக் கெடுக்கும் என்பதை உணர்ந்து, கடைசல் எந்திரத்தில் ஏற்றிச் சீராக்கிய பிறகே அவர்கள் அளவெடுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னர் கிளட்சால் எஞ்சினின் இணைப்பைத் துண்டித்து, உருளை தானாக வேகம் குறைவதையும் பதிவு செய்து உராய்வு இழப்பைக் கணக்கில் சேர்ப்பது இந்தப் பட்டறையில் நான் எதிர்பாராத கவனம். இருப்பினும், அறிக்கையில் காற்றின் வெப்பநிலையும் அழுத்தமும் குறிக்கப்படுவதில்லை. காலையில் எடுத்த வரைபடத்தை நண்பகல் வெக்கையில் எடுத்ததோடு நேரடியாக ஒப்பிட்டால், சூடான காற்றின் அடர்த்திக் குறைவை எஞ்சினின் குறையாக எண்ணிவிட நேரும். நிலையான வேகத்தில் சுமையேற்றிப் பார்க்க இவ்வகைக் கருவியால் இயலாது என்பதால், கார்புரேட்டரை அரை திறப்பில் சரிசெய்ய விரும்புவோருக்கு இது உதவாது. உருளைக்குத் தடித்த இரும்புக் கூண்டு உண்டு. புகை வெளியேற்ற விசிறிதான் போதவில்லை.