யாழ்ப்பாணத்து வெயிலில் விற்றமின் சி சீரம்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

முகத்தில் பூசும் திரவமான விற்றமின் சி சீரத்தை நான் ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கியது 2021ஆம் ஆண்டில். பொருள் கிடைக்காமல் போன ஒரு காலத்தில் சில மாதங்கள் நின்றதைத் தவிர, இன்றுவரை அது என் காலை வழக்கத்தில் இருந்து வருகிறது. இந்தக் காலத்தில் நான் கண்டு தெளிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலால் ஏற்படும் கருமையையும் சீரற்ற நிறத்தையும் குறைப்பதற்கு விற்றமின் சி உண்மையாகவே உதவுகிறது; ஆனால் எங்கள் ஊரின் வெப்பத்தில் அந்தப் பயன் முழுமையாகக் கிடைப்பது, போத்தலைத் திறந்த நாளிலிருந்து அதை எப்படிக் காத்துக்கொள்கிறோம் என்பதிலும், அதன் மேல் சன்ஸ்கிரீன் பூசுகிறோமா என்பதிலுமே தங்கியிருக்கிறது.

என் முகம் எவ்வளவு வெயிலைக் காண்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த அனுபவத்தை அளந்து பார்க்க முடியாது. நல்லூரிலிருந்து சாவகச்சேரிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு ஸ்கூட்டரில் சென்று வரும் ஆசிரியை நான். காலையில் கண்டி வீதி வழியே அரியாலையைக் கடந்து நாவற்குழியை நோக்கிச் செல்லும்போது சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டுத் திரும்பும்போது, மேற்கே சாயத் தொடங்கிய அதே சூரியன் மறுபடியும் முகத்துக்கே வந்துவிடும். செம்மணி வெளியில் நிழல் என்பது அரிது. புழுக்கம் தாங்காமல் தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு ஓட்டுவதே இங்கு பலரின் வழக்கம். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கையின் மேல் உச்சம் கொடுக்கும் நாள்களில் யாழ்ப்பாணத்தின் முறை சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி வருகிறது. ஆகஸ்ட் மாத இறுதியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தை அண்டி, அது மீண்டும் ஒருமுறை எங்கள் தலைக்கு மேல் வருகிறது. இத்தகைய வெயிலுக்குச் சருமம் தரும் மறுமொழிதான் மெலனின் என்னும் கருநிறமி. என் கன்ன எலும்புகளின் மேலும் மேலுதட்டின் மேலும் படிந்திருந்த திட்டுகளைப் பார்த்த தோல் வைத்திய நிபுணர், அவை மங்கு எனவும், தாடைப் பக்கத்தில் இருந்தவை முகப்பரு ஆறிய பின் தங்கிய வடுக்கறைகள் எனவும் பிரித்துச் சொன்னார். இந்தப் பிரிப்பு மிக முக்கியமானது, ஏனெனில் இரண்டும் ஒரே வேகத்தில் மறைவதில்லை.

விற்றமின் சி சருமத்தில் செய்யும் வேலைகளில் மூன்று நன்கு அறியப்பட்டவை. புறஊதாக் கதிர்கள் சருமத்தில் உண்டாக்கும் தீங்கான ஒட்சிசன் மூலக்கூறுகளை அது செயலிழக்கச் செய்கிறது. மெலனின் உருவாவதற்கு வேண்டிய தைரோசினேஸ் என்னும் நொதியத்தில் உள்ள செம்பு அயன்களோடு இடைவினை புரிந்து, நிறமி உற்பத்தியைத் தணிக்கிறது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்வதற்குத் தேவையான நொதியங்களுக்குத் துணைக்காரணியாகவும் அமைகிறது. கொலாஜன் பழுதுபட்டதாலேயே, விற்றமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கேவி நோயாளிகளின் முரசு கசிந்தது, ஆறிய புண்களும் மீண்டும் திறந்தன. பெரும்பாலான விலங்குகள் இந்த விற்றமினைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்ள, மனிதருக்கு அந்த ஆற்றல் இல்லை. நாம் அதை உண்டே பெற வேண்டும்.

அப்படியானால் நெல்லிக்காயும் கொய்யாவும் முருங்கையிலையும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் எதற்காகச் சீரம் என்று சக ஆசிரியைகள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. உணவை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிடமாட்டேன். நெல்லி ரசம் எங்கள் வீட்டில் வருடம் முழுவதும் உண்டு. ஆயினும் உண்ணும் விற்றமின் சி ஓர் அளவுக்கு மேல் இரத்தத்தில் ஏறுவதில்லை, மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. வெயில் படும் முகத்தோலில் அதன் செறிவை அந்த எல்லைக்கு அப்பால் உயர்த்த வேண்டுமானால் தோலின் மேல் பூசுவதே வழி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர் ஷெல்டன் பினெலும் அவருடைய குழுவினரும் பன்றித் தோலில் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, சீரம் வாங்கும் எவருக்கும் இன்றளவும் பயன்படக்கூடியது. விற்றமின் சியின் தூய வடிவமான எல்-அஸ்கோபிக் அமிலம் தோலுக்குள் நுழைவதற்கு, கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானம் 3.5க்குக் கீழ் இருக்க வேண்டும்; செறிவு 20 சதவீதத்தைத் தாண்டினால் உறிஞ்சப்படும் அளவு அதற்கு மேல் கூடுவதில்லை; தோல் நிறைவடைந்த பின் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 நாள்கள் எடுக்கும். ஆகவே 30 சதவீதம் என்று பெரிதாக அச்சிட்டு விற்கப்படும் போத்தலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. ஒருநாள் பூசத் தவறினால் பதற்றப்படவும் வேண்டியதில்லை.

நான் 10 சதவீதத்தில் தொடங்கினேன். முதலில் காதுக்குப் பின்புறம் சிறிது பூசிப் பார்த்துவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பழக்கி, சருமம் ஏற்றுக்கொண்ட பின்னரே தினமும் காலையில் பூசினேன். அதன் பிறகு 15 சதவீதத்துக்கு மாறினேன். பூசியவுடன் ஒரு நிமிடமளவுக்கு மெல்லிய எரிவு இருக்கும். அமிலத்தன்மை கொண்ட கரைசலில் அது இயல்பானது. சிவந்து தடித்தாலோ எரிவு அடங்காமல் நின்றாலோ உடனே கழுவி நிறுத்திவிட வேண்டும்.

முதல் மாதத்தில் நிறத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன், ஏனெனில் எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கைவிட்டது அந்தக் கட்டத்திலேதான். எனக்கு முதலில் மாறியது சருமத்தின் சோர்ந்த தோற்றம். மாலையில் வீடு திரும்பும்போது முகத்தில் இருந்த மங்கல் குறைந்தது. மூன்று மாதமளவில் பருக்கறைகள் வெளிறத் தொடங்கின. தாடைப் பக்கத்தில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மறைந்துவிட்டன. மங்கு அப்படி எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் விளிம்புகள் கரைந்து, நடுப்பகுதி வெளிறி, அருகில் வந்து பார்த்தால் மட்டுமே தெரியும் நிலைக்கு வர ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இன்றும் ஒவ்வொரு சித்திரையிலும் அது சற்றுக் கருத்து, மாரி தொடங்கும்போது மீண்டும் வெளிறுகிறது. மெக்சிக்கோவில் மங்கு உள்ள 16 பெண்களிடம் செய்யப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. முகத்தின் ஒரு பக்கத்தில் 5 சதவீத அஸ்கோபிக் அமிலமும் மறுபக்கத்தில் 4 சதவீத ஹைட்ரோகுயினோனும் பூசியபோது, ஹைட்ரோகுயினோன் கூடுதலான பலன் தந்தது. ஆனால் எரிச்சல் முதலான பக்கவிளைவுகள் அந்தப் பக்கத்தில் 68.7 சதவீதமாகவும், விற்றமின் சி பக்கத்தில் 6.2 சதவீதமாகவும் இருந்தன. வைத்தியரின் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்கு மட்டும் பயன்படுத்தவேண்டிய மருந்து ஹைட்ரோகுயினோன். விற்றமின் சியின் வேகம் குறைவு. ஆனால் ஆண்டுக்கணக்காகத் தொடர முடிகிறது. தினமும் வெயிலுக்குள் போகும் எனக்கு அந்தத் தொடர்ச்சியே பெரிய நன்மையாக இருக்கிறது.

நுண்சுருக்கங்களைப் பற்றி நான் உறுதியாக எதையும் சொல்லமாட்டேன். கண்ணோரத்துத் தோல் முன்னைவிட மிருதுவாக இருப்பதாக உணர்கிறேன். அது சன்ஸ்கிரீனின் பயனாகவும் இருக்கலாம். பிரான்சில் 5 சதவீத விற்றமின் சி கிரீமைக் கழுத்திலும் கையிலும் 6 மாதங்கள் பூசிச் செய்த ஆய்வொன்று, 2003இல், சுருக்கங்கள் குறைந்ததைக் காட்டியது. அதைப் படித்த பிறகே கழுத்துக்கும் சேர்த்துப் பூசத் தொடங்கினேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எங்கள் ஊருக்கு மிக வேண்டியது. எல்-அஸ்கோபிக் அமிலம் காற்று, ஒளி, வெப்பம் மூன்றாலும் ஒட்சியேற்றமடைந்து கெடும். புதிய சீரம் நிறமற்றதாகவோ மிக மெல்லிய மஞ்சளாகவோ இருக்கும். கெடக் கெட அது மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, இறுதியில் பிளேன்ரீயின் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில் பூசினால் பயன் இல்லாததோடு, தோலிலும் தலையணை உறையிலும் மஞ்சள் கறையும் படியும். குளிர்நாடுகளில் வாழும் உறவினர்கள் குளியலறை அலமாரியில் மூன்று மாதம் வைத்திருந்தும் கெடவில்லை என்று சொல்லும் அதே சீரம், தகரக்கூரை வீட்டின் மேசையில் பங்குனி வெக்கையில் சில வாரங்கள்கூடத் தாங்குவதில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லி எடுப்பிக்கும்போது, இரண்டு மூன்று போத்தல்களை ஒன்றாக வாங்கிச் சேமிக்கும் எண்ணத்தைத் தவிர்ப்பது நல்லது. 30 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றே போதும். அது கரும்பழுப்பு நிறக் கண்ணாடியாகவோ காற்றுப் புகாத பம்ப் அமைப்புடனோ இருக்க வேண்டும்; நான் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்காமல், வெப்பநிலை அதிகம் மாறாத உட்தட்டில் ஒரு சிறிய மூடிய பெட்டிக்குள் வைக்கிறேன். மூடியைத் திறந்து, தேவையான துளிகளை எடுத்து, உடனே மூடிவிட்டுத்தான் முகத்தில் பூசத் தொடங்குவேன்.

2022இன் மின்வெட்டுக் காலம் இந்த விடயத்தில் எனக்கு நிறையக் கற்பித்தது. மார்ச் மாத இறுதியில் ஒருநாளில் பத்து மணித்தியாலங்களுக்கு மேல் மின்சாரம் இல்லாதிருந்தபோது, குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரியாகிவிட்டது. பாதிக்கு மேல் மீதமிருந்த போத்தல் சில வாரங்களுக்குள் நிறம் மாறிப்போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அழகுசாதனப் பொருள்கள் உள்ளிட்ட முந்நூறு வரையான பொருள்களின் இறக்குமதிக்கு அரசாங்கம் தடை விதிக்க, வாங்கவும் முடியவில்லை. மீண்டும் கிடைக்கத் தொடங்கியபோது, வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் வழிப்பொருள்களின், அதாவது விற்றமின் சியை மாற்றி உருவாக்கிய சேர்மங்களின், பக்கம் கவனத்தைத் திருப்பினேன். சோடியம் அஸ்கோபைல் பொஸ்பேற்று, மக்னீசியம் அஸ்கோபைல் பொஸ்பேற்று, அஸ்கோபைல் குளுக்கோசைட்டு ஆகியவை அவற்றுள் சில. இவை தோலுக்குள் சென்ற பின்னரே அஸ்கோபிக் அமிலமாக மாறவேண்டியிருப்பதால் பலன் மெதுவானது. ஆய்வுச் சான்றும் எல்-அஸ்கோபிக் அமிலத்துக்கு இருப்பதைவிடக் குறைவு. ஆனால் எரிவு இல்லை, எளிதில் நிறம் மாறுவதில்லை. ஆகவே பங்குனி முதல் ஆவணி வரை வழிப்பொருள் சீரத்தையும், வெக்கை தணிந்த மாதங்களில் எல்-அஸ்கோபிக் அமிலத்தையும் பயன்படுத்துகிறேன். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு வழிப்பொருளே பொருத்தமானது என்பது என் தீர்க்கமான கருத்து.

எல்-அஸ்கோபிக் அமிலத்தை வாங்குவதானால், விற்றமின் ஈயும் பெருலிக் அமிலமும் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குவது நல்லது. 15 சதவீத விற்றமின் சியோடு 1 சதவீத விற்றமின் ஈ சேர்ந்த கரைசலில் 0.5 சதவீதப் பெருலிக் அமிலத்தைச் சேர்த்தபோது, அதன் நிலைப்புத்தன்மை கூடியதோடு, வெயிலுக்கு எதிரான காப்பும் ஏறத்தாழ நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்காக உயர்ந்ததை, பினெலின் குழுவினர் 2005இல் வெளியிட்டார்கள்.

இந்தக் காப்பை நம்பிச் சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது. விற்றமின் சி கதிரைத் தடுப்பதில்லை. தடையைத் தாண்டி உள்ளே வந்த கதிர் செய்யும் சேதத்தையே குறைக்கிறது. சீரம் காய்ந்த பின், முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குச் சன்ஸ்கிரீனைப் பிதுக்கிப் பூசுகிறேன். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளிகூடக் கருமையைத் தூண்டும் என்பதால், இரும்பு ஒட்சைட்டு சேர்ந்த, நிறமூட்டிய சன்ஸ்கிரீனே கூடுதல் பொருத்தம். பாடசாலை விட்டுப் புறப்படும் முன் மீண்டும் ஒருமுறை பூசுவது, சீரத்துக்குச் செலவிட்ட பணம் வீணாகாதிருப்பதற்கான வழி.

முகம் கழுவும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊறிய எங்கள் கிணற்றுநீர் வன்மையானது. சாதாரண சவர்க்காரத்தோடு சேரும்போது தோலில் படிவை விட்டு உலர்த்தும், உலர்ந்த தோலில் சீரம் கூடுதலாக எரியும். சவர்க்காரம் இல்லாத மென்மையான முகக்கழுவியைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு காலை எரிவு எனக்குப் பெரிதும் குறைந்தது.

விற்றமின் சி என்றதும் தேசிக்காயை நினைப்பவர்கள் இங்கு அதிகம். தேசிச்சாற்றைத் தோலில் பூசுவது ஆபத்தானது. அதில் உள்ள பியூரோகூமரின்கள் என்னும் சேர்மங்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கி, கொப்புளமும் மாதக்கணக்கில் மாறாத கருமையும் உண்டாக்கக்கூடியவை. அதைவிடக் கவலை தருவது, உள்ளடக்கம் எதுவும் அச்சிடப்படாமல் விற்கப்படும் வெண்மையாக்கும் கிரீம்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனங்களில் பாதரசம் சேர்ப்பதைத் தடைசெய்திருந்தும், பாதரசம் கலந்த கிரீம்கள் உலகெங்கும் சந்தைக்கு வந்தவண்ணமே உள்ளன. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கும் என்று ஒரு கிரீம் வாக்களிப்பதே அதை வாங்காதிருப்பதற்குப் போதிய காரணம். விற்றமின் சி என்னை வெளுக்க வைக்கவில்லை, அது அதன் வேலையும் அல்ல. என் பிறவி நிறம் அப்படியே இருக்க, அதன் மேல் வெயில் போட்ட திட்டுகள் குறைந்திருக்கின்றன.

என் மச்சாளுக்குக் கர்ப்ப காலத்தில் கன்னங்களில் மங்கு படர்ந்தபோது, விற்றமின் ஏ வகையான ரெற்றினோலையும் ஹைட்ரோகுயினோனையும் தவிர்க்கும்படி கூறிய வைத்தியர், விற்றமின் சியும் சன்ஸ்கிரீனும் பூச அனுமதித்தார். குழந்தை பிறந்த பின்னும் அவள் தொடர்கிறாள். அவளுக்கு வழிப்பொருள் சீரம் மட்டுமே ஒத்துக்கொள்கிறது. முகப்பருவுக்குப் பென்சோயில் பெரொக்சைட்டு பூசுபவர்கள் அதை இரவுக்கும் விற்றமின் சியைக் காலைக்கும் ஒதுக்க வேண்டும், ஏனெனில் பெரொக்சைட்டு இதை ஒட்சியேற்றிவிடும். விற்றமின் பி3இன் ஒரு வடிவமான நியாசினமைட்டோடு சேர்க்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கைக்கு இன்றைய தயாரிப்புகளில் அடிப்படை இல்லை. நான் இரண்டையும் ஒரே காலையில் பூசுகிறேன். திட்டு ஒன்று திடீரெனப் பெரிதானாலோ, வடிவம் ஒழுங்கற்றதாக மாறினாலோ, அரித்தாலோ, எந்தச் சீரத்தையும் தொடாமல் முதலில் தோல் சிகிச்சைப் பிரிவில் காட்டிவிட வேண்டும்.