மேடையில் முழங்கும் எதிர்க்கட்சியா, கணக்குக் கேட்கும் எதிர்க்கட்சியா?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் என் விருப்பு வாக்கை எதிர்க்கட்சிக்காரர் ஒருவருக்குத்தான் போட்டேன், ஆனால் மேடையில் முழங்குகிறவருக்கு அல்ல, நாடாளுமன்றக் குழுக்களில் உட்கார்ந்து கணக்குக் கேட்கிறவருக்கு. வெள்ளவத்தையில் கூட்டாளிமார் சிரித்தார்கள். "தலைவர் வென்றால்தானே மச்சான் மிச்சமெல்லாம்?" சரி, பார்ப்போம்.

தலைவரே வேட்பாளராக நிற்பது ஒரு வழி. ஐக்கிய மக்கள் சக்தியின் சஜித் பிரேமதாச 2019 ஜனாதிபதித் தேர்தலில், கட்சித் தலைவராகும் முன்னரே, 41.99 சதவீதம், தலைவராக நின்ற 2024இல் 32.76 சதவீதம், இரண்டிலும் இரண்டாம் இடம். கூட்டம் வரும், போஸ்டருக்கு முகம் இருக்கும், அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் 2020இல் 54 ஆசனம் வென்ற கட்சியின் தலைவரான சஜித் 2022 மே மாதம் பிரதமர் பதவிக்கு நிபந்தனை போட்டுக்கொண்டிருக்க, ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தோடு இருந்த ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ரணில் பிரதமராகி, ஜூலையில் ஜனாதிபதியுமாகிவிட்டார். அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவின் கீழ் பதவி எடுத்திருந்தால் சஜித்தின் பெயர் கெட்டிருக்கும் என்பதும் நியாயமான வாதம்தான்.

தலைவர் ஒதுங்கி நின்று பொது வேட்பாளரை நிறுத்துவது இன்னொன்று. ரணில் அதை இரண்டு தடவை செய்தார். 2010இல் முன்னாள் இராணுவத் தளபதி பொன்சேகா 40.15 சதவீதத்தோடு தோற்றார், 2015இல் மைத்திரிபால 51.28 சதவீதத்தோடு வென்றார். இரண்டாவது தடவை வேட்பாளர் ஆளும் கட்சியின் பொதுச் செயலாளராகவே இருந்து உடைத்துக்கொண்டு வந்தவர், அதனால் வெற்றியை முழுக்க ரணிலின் விட்டுக்கொடுப்புக்கு எழுதிவிட முடியாது.

ஆட்சியைப் பிடிக்க இது நல்ல வழிதான். பிடித்த பிறகு கணக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்? 2015இல் பெரிய கட்சிகள் இரண்டும் அரசாங்கத்துக்குள் போய்விட்டன. எதிர்க்கட்சித் தலைவர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சம்பந்தன் ஐயா, கையில் 16 ஆசனம். புதிய அரசியலமைப்பு வரும் என்ற நம்பிக்கையில் அவர் அரசாங்கத்தை அதிகம் நெருக்கவில்லை; நம்மவர்களில் பலருக்கு அது அப்போது சரியாகத்தான் பட்டது.

அந்த நேரத்தில்தான் ஆறு ஆசனம் வைத்திருந்த ஜே.வி.பி.யின் சுனில் ஹந்துன்நெத்தி அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் கோப் என்ற நாடாளுமன்றக் குழுவின் தலைவராக இருந்தார். மத்திய வங்கி பிணைமுறி (அரசாங்கக் கடன் பத்திரம்) விவகாரத்தை அந்தக் குழு நோண்டி, 2016 ஒக்டோபரில் அறிக்கை வைத்தது. 2017 ஜனவரியில் ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது, ஓகஸ்டில் முன்னாள் நிதியமைச்சர் ரவி கருணாநாயக்க தன் அமைச்சுப் பதவியை விட்டு விலகினார். ஆறு ஆசனக் கட்சிக்காரர் தலைமை தாங்கிய குழுவிலிருந்து கிளம்பியது இவ்வளவு. கோப்புக்கு அதிகாரிகளை ஆவணங்களோடு கூப்பிடலாம், கணக்காய்வாளர் நாயகம் பக்கத்தில் இருப்பார், பதில் பதிவாகும். சபையில் கத்தினால் மறுநாள் பத்திரிகையில் ஒரு மூலை கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்போதைய சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையைப் பாருங்கள். 2023 செப்டெம்பரில் 113க்கு 73 என்று தோற்றது. அடுத்த பெப்ரவரியில் தரமற்ற மருந்து விவகாரத்தில் அவர் கைதானார். விவாதம் வீண் என்று சொல்லவில்லை, அது விஷயத்தைச் சூடாக வைத்திருந்தது. ஆனால் வாக்கெடுப்பில் எண்ணிக்கை இல்லாத எதிர்க்கட்சி தோற்றுத்தான் போகும், குழுவில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும்.

இந்த உழைப்பு வாக்காக மாறுமா? அங்கேதான் என் வாதம் நொண்டுகிறது. 2020இல் ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது மூன்று ஆசனம், ஹந்துன்நெத்தியே நாடாளுமன்றத்துக்கு வரவில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அதன் தலைவர் அநுர 42.31 சதவீதம் எடுத்ததற்கு கோப் அறிக்கையைவிட, 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாம் நின்ற வரிசைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் இப்போது அரசாங்கத்திடம் 159 ஆசனம், ஐக்கிய மக்கள் சக்தியிடம் 40. எந்தப் பிரேரணை கொண்டுவந்தாலும் முடிவு முதலே தெரியும். அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைமையோ நிலையியற் கட்டளைப்படி எதிர்க்கட்சிக்குரியது, ஹர்ஷ டி சில்வா அதில் இருக்கிறார். சஜித் அடுத்த தேர்தலில் நிற்கட்டும், அது அவர் பாடு. அதுவரை அந்தக் குழுவுக்கு ஆளும் நேரமும் கொடுக்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.