விண்டோஸ் டெஸ்க்டாப் நிரல்களில் பிழை தேடுதல்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கைகொடுத்த கருவிகள்

வெப் சர்வர் நம் கையில் இருக்கும். டெஸ்க்டாப் நிரல் அப்படியல்ல. யாரோ ஒருவருடைய மேசையில், நாம் பார்த்திராத பிரிண்டர் டிரைவரோடும் ஆன்டிவைரஸோடும் 150 சதவீதத் திரை அளவோடும் அது ஓடுகிறது. அங்கே கிராஷ் ஆவது நம் கணினியில் ஆகாது. அதனால் ஒரு டிபக்கிங் (பிழை தேடும்) கருவியை எடைபோட ஒரே கேள்வி போதும்: நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ இல்லாத கணினியில், நிரலாக்கம் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது, நமக்கு வேண்டிய தடயத்தை அது பிடித்துத் தருமா? சி++ மொழியிலும், டாட்நெட்டில் (மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளம்) திரைகள் கட்டும் வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் இரண்டிலும் நெடுங்காலம் பயன்படுத்தியதில் இந்தக் கேள்விக்குத் தேறிய கருவிகள் இவை. எல்லாமே மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருபவை.

எதையும் நிறுவும் முன் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறக்க வேண்டும். விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணுள்ள பதிவு கிராஷைச் சொல்லும். 1002, நிரல் தொங்கிப்போனதைச் சொல்லும். 1026 டாட்நெட் ரன்டைம் எழுதுவது. அதில் எக்ஸெப்ஷனின் (ஓடும்போது எழும் பிழையின்) பெயரும் ஸ்டாக்கும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) படிக்கும்படியே இருக்கும். 1000-இல் பார்க்க வேண்டியது எக்ஸெப்ஷன் கோடு. சி0000005 என்றால் தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டிருக்கிறது. சி0000374 என்றால் ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) சிதைந்திருக்கிறது. இ0434352 என்றால் யாரும் பிடிக்காமல் விட்ட டாட்நெட் எக்ஸெப்ஷன். சி0000409-ஐத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். பெயர் ஸ்டாக் பஃபர் ஓவர்ரன் என்று இருந்தாலும், புதிய சி ரன்டைமில் அபார்ட் (நிரலை உடனே நிறுத்தும் ஃபங்ஷன்) அழைக்கப்பட்டாலும் இதே கோடுதான் வரும். பஃபரைத் தேடி அலையும் முன் ஸ்டாக்கில் அபார்ட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அதே பதிவில் ஃபால்ட்டிங் மாட்யூல் என்ற இடத்தில் என்டிடிஎல்எல் (விண்டோஸின் அடிப்படை நூலகக் கோப்பு) என்று இருந்தால் விண்டோஸ் மேல் பழி போடக்கூடாது. பெரும்பாலும் ஹீப்பைக் கெடுத்தது நம் நிரலின் ஏதோ ஒரு வரி. அது நடந்து வெகுநேரம் கழித்து, வேறு ஏதோ ஒன்று நினைவகம் கேட்கும்போதோ விடுவிக்கும்போதோ என்டிடிஎல்எல் அதைக் கண்டுபிடித்து நிரலை நிறுத்துகிறது.

டம்ப் எடுக்கும் ஏற்பாடு

டம்ப் என்பது ஒரு கணத்தில் நிரலின் நினைவகம் இருந்த நிலையைப் பிடித்து வைத்த கோப்பு. இருப்பவற்றில் அதிகம் மதிக்க வேண்டியது, கிராஷ் ஆனதும் அதைத் தானே எடுத்து வைக்கும், பலருக்குத் தெரியாத லோக்கல்டம்ப்ஸ் வசதி. விஸ்டா சர்வீஸ் பேக் 1 முதல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடம்) லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்று இறங்கி, லோக்கல்டம்ப்ஸ் என்ற கீயை உருவாக்கி, அதன் கீழே நம் இஎக்ஸ்இ கோப்பின் முழுப்பெயரில் இன்னொரு கீ உருவாக்க வேண்டும். அதில் டம்ப்டைப் 2 என்றால் முழு டம்ப், 1 என்றால் மினி டம்ப். டம்ப்கவுன்ட் சொல்லாவிட்டால் 10 வைத்துக்கொள்ளும். முழு டம்பானால் 2 அல்லது 3 போதும், இல்லையேல் டிஸ்க் நிறைந்துவிடும். டம்ப்ஃபோல்டர் சொல்லாவிட்டால் பயனரின் லோக்கல் ஆப்டேட்டாவில் கிராஷ்டம்ப்ஸ் என்ற ஃபோல்டரில் விழும். இதை அமைக்க அட்மின் உரிமை வேண்டும். ஒருமுறை அமைத்தால் பயனர் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

இது வேலை செய்யாமல் போகும் இடமும் உண்டு. நிரலிலேயே சொந்தமாக கிராஷ் ஹேண்ட்லர் வைத்து, "மன்னிக்கவும், பிழை ஏற்பட்டது" என்று காட்டிவிட்டு அங்கேயே எக்ஸிட் செய்தால், விண்டோஸின் கைக்கு எதுவும் வந்து சேராது. வின்ஃபார்ம்ஸில் த்ரெட்எக்ஸெப்ஷன் ஈவென்டைப் பிடித்து மெசேஜ்பாக்ஸ் காட்டும் பழக்கமும் இதே கேட்டைச் செய்கிறது. பிழையை விழுங்கிவிட்டு, அரைகுறை நிலையில் நிரலைத் தொடர்ந்து ஓடவிடுவதைவிட, அதை விழவிட்டு டம்ப் எடுப்பதே பயனரின் தரவுக்கும் நல்லது.

கிராஷ் ஆகாமல் தொங்கிப்போகும் நிரலுக்கு லோக்கல்டம்ப்ஸ் உதவாது. அதற்கு, சிஸ்இன்டர்னல்ஸ் என்ற கருவித் தொகுப்பின் ப்ராக்டம்ப். "-எம்ஏ" முழு டம்ப் கேட்கிறது. "-ஹெச்" சேர்த்தால், விண்டோ 5 விநாடிக்கு மேல் மெசேஜுக்குப் பதில் சொல்லாதபோது தானே டம்ப் எடுக்கும். டாஸ்க் மேனேஜரிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 64 பிட் டாஸ்க் மேனேஜர், 32 பிட் நிரலுக்கு 64 பிட் டம்பை எடுத்து வைக்கும். அதைத் திறந்தால் 32 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸில் ஓட்டும் வவ்64 அடுக்கின் ஸ்டாக்தான் முன்னால் நிற்கும், நம்முடையது மறைந்திருக்கும். 32 பிட் நிரலென்றால் விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்வவ்64 உள்ளே இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். ப்ராக்டம்ப் இதைத் தானாகவே சரியாகச் செய்கிறது. தொலைபேசியில் வழிகாட்டி எடுக்கச் சொல்வதானால் ப்ராக்டம்பே மேல்.

பிடிபி கோப்புகள்

டம்ப் எவ்வளவு முழுமையாக இருந்தாலும், அதற்குரிய பிடிபி கோப்பு (முகவரிகளை ஃபங்ஷன் பெயராகவும் வரியாகவும் மாற்றித் தரும் சிம்பல் கோப்பு) இல்லையென்றால் முகவரிகள் மட்டுமே மிஞ்சும். ஒவ்வொரு பில்டிலும் இஎக்ஸ்இக்கும் பிடிபிக்கும் ஒரே அடையாள எண் பதிக்கப்படுகிறது. டிபக்கர் அதைத்தான் ஒப்பிடுகிறது. அதே சோர்ஸை அதே ஆப்ஷனோடு மறுபடி பில்ட் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். வழக்கமான சி++ பில்டில் அந்த எண் மாறிவிடும், டிபக்கர் புதிய பிடிபியை ஏற்காது. வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு பில்டின் பிடிபியையும் சிம்ஸ்டோர் கருவியால் ஒரு பொது ஃபோல்டரில் சேர்த்து வைப்பது ஒரே ஒரு கட்டளை. பில்ட் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக அது இருக்க வேண்டும். இந்த ஒரு ஏற்பாடு இல்லாத குழுவில் மற்ற எந்தக் கருவியும் பாதிப் பயன்தான் தரும்.

மைக்ரோசாஃப்ட் டிஎல்எல்களின் சிம்பல்கள் அவர்களின் பொது சர்வரிலிருந்து இறங்கும். மைக்ரோசாஃப்டின் டிபக்கரான விண்டிபிஜியில் ".சிம்ஃபிக்ஸ்" அடித்து, பிறகு நம் சிம்பல் ஃபோல்டரையும் சேர்த்து, ".ரீலோட்" கொடுத்தால் முடிந்தது. ஏற மறுத்தால் "!சிம் நாய்ஸி" என்று அடியுங்கள், எந்த ஃபோல்டரில் தேடியது, ஏன் நிராகரித்தது என்று வரிவரியாகச் சொல்லும்.

விண்டிபிஜியைப் பொறுத்தவரை, முதல் சில வாரங்கள் அது யாரையும் வரவேற்பதில்லை. கட்டளைகள் சுருக்கெழுத்தாக இருக்கும், எதுவும் தானே விளங்காது. ஆனால் அன்றாடத்துக்கு ஐந்தாறு கட்டளைகளே போதும்: "!அனலைஸ் -வி", எக்ஸெப்ஷன் நடந்த இடத்துக்குக் கொண்டுபோகும் ".ஈசிஎக்ஸ்ஆர்", ஸ்டாக் காட்டும் "கே", எல்லா த்ரெட்டின் (நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலையோட்டத்தின்) ஸ்டாக்கையும் காட்டும் "~*கே", லாக்குகளுக்கு "!லாக்ஸ்". டாட்நெட் என்றால் எஸ்ஓஎஸ் எக்ஸ்டென்ஷனின் "!சிஎல்ஆர்ஸ்டாக்", "!டம்ப்ஹீப் -ஸ்டாட்", "!ஜிசிரூட்". "!அனலைஸ்" சொல்லும் தீர்ப்பை அப்படியே நம்பவேண்டாம், அது காட்டும் ஸ்டாக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொங்கிப்போகும் வின்ஃபார்ம்ஸ்

தொங்கும் நிரல்களில் ஒரு வகையை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தெரியாதவர்களுக்கு இது மாதக்கணக்கில் பிடிபடாது. பயனர் திரையை லாக் செய்துவிட்டுத் திரும்பி வருகிறார், அல்லது ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைகிறார், அல்லது தீமை மாற்றுகிறார். நிரல் உறைந்துவிடுகிறது. நம் கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் வராது, ஏனென்றால் சோதிக்கும்போது யாரும் திரையை லாக் செய்வதில்லை.

டம்பில் முதன்மை த்ரெட்டின் ஸ்டாக்கைப் பார்த்தால் சிஸ்டம்ஈவென்ட்ஸ், ஆன்யூசர்ப்ரிஃபரன்ஸ்சேஞ்ட், அதற்கு மேலே வின்ஃபார்ம்ஸ் சிங்க்ரனைசேஷன்கான்டெக்ஸ்டின் சென்ட், உச்சியில் ஒரு வெயிட் இருக்கும். காரணம் இதுதான்: ஏதோ ஒரு கன்ட்ரோல் (பட்டன் போன்ற திரை உறுப்பு) முதன்மை த்ரெட்டில் அல்லாமல் வேறொரு த்ரெட்டில் உருவாகியிருக்கிறது. பெரும்பாலும் தனி த்ரெட்டில் காட்டிய ஸ்பிளாஷ் திரை. அது அந்த த்ரெட்டின் பெயரில் விண்டோஸ் அமைப்பு மாற்றங்களை அறிவிக்கும் சிஸ்டம்ஈவென்ட்ஸில் பதிவு செய்துகொண்டது. இப்போது அந்த த்ரெட் மெசேஜ்களை வாங்குவதில்லை. விண்டோஸ் அமைப்பு மாறியதைச் சொல்ல முதன்மை த்ரெட் அதற்கு அழைப்பு அனுப்பி, வராத பதிலுக்குக் காத்துக் கிடக்கிறது.

இன்னொரு வழியிலும் இது நுழைகிறது. வேறு த்ரெட்டிலிருந்து தொடுகிறோமா என்று இன்வோக்ரிக்வயர்டிடம் கேட்டுவிட்டுத்தானே தொடுகிறோம் என்ற நிம்மதி சரியல்ல. கன்ட்ரோலுக்கு இன்னும் ஹேண்டிலே (விண்டோஸ் அதற்குத் தரும் அடையாள எண்) உருவாகவில்லை என்றால் அது ஃபால்ஸ் என்றே பதில் சொல்லும். அதை நம்பிப் பின்னணி த்ரெட் கன்ட்ரோலைத் தொட, ஹேண்டில் அங்கேயே உருவாகிவிடும். பின்னணி வேலையைத் தொடங்கும் முன், முதன்மை த்ரெட்டில் ஹேண்டில் உருவாகிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். குற்றவாளி எங்கே என்று பார்க்க ஸ்பை++ போதும். த்ரெட்வாரியாக விண்டோக்களைப் பட்டியலிட்டு, முதன்மையல்லாத த்ரெட்டில் வின்ஃபார்ம்ஸ் பார்க்கிங் விண்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த த்ரெட்டில் கன்ட்ரோல் உருவாகியிருக்கிறது.

ஹீப் சிதைவும் ஹேண்டில் கசிவும்

சி0000374-க்கு நேரான மருந்து பேஜ் ஹீப். ஜிஃப்ளாக்ஸ் கருவியில் "/பி /எனேபிள்" என்று இஎக்ஸ்இ பெயரைக் கொடுத்து "/ஃபுல்" சேர்க்க வேண்டும். இதன்பின் ஒவ்வொரு ஒதுக்கீடும் 4 கேபி பக்கத்தின் முடிவில் வைக்கப்படும். அடுத்த பக்கம் தொடமுடியாததாக இருக்கும். எல்லை தாண்டி எழுதும் அந்த வரியிலேயே நிரல் விழும். விழுந்த முகவரியை "!ஹீப் -பி -ஏ" கட்டளைக்குக் கொடுத்தால், அதை ஒதுக்கிய அல்லது விடுவித்த ஸ்டாக் வந்துவிடும். விலையும் உண்டு: சிறிய ஒதுக்கீடு ஒவ்வொன்றும் குறைந்தது 8 கேபி முகவரி இடத்தைத் தின்கிறது. 2 ஜிபி எல்லையுள்ள 32 பிட் நிரல் சில நிமிடத்திலேயே நினைவகமின்றித் திணறலாம். 64 பிட்டில் பில்ட் செய்ய முடிந்தால் அதில் தேடுங்கள். 64 பிட்டில் ஒதுக்கீடுகள் 16 பைட் எல்லையில் அமைவதால், இரண்டு மூன்று பைட் மட்டும் தாண்டும் பிழை உடனே பிடிபடாமல், விடுவிக்கும்போதுதான் தெரியலாம்.

இந்த அமைப்பு இஎக்ஸ்இயின் பெயருக்கு ரெஜிஸ்ட்ரியில் ஒட்டிக்கொள்கிறது. "/டிசேபிள்" கொடுக்கும்வரை, புதிய பதிப்பு நிறுவினாலும் போகாது. "புது பதிப்பு ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்ற புகார் ஒரே ஒரு கணினியிலிருந்து மட்டும் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

டிபக்கரில் ஓட்டினால் பிழை மறைந்துவிடுகிறது என்பதும் இங்கேதான் வரும். விண்டிபிஜிக்குள்ளிருந்து நிரலைத் தொடங்கினால் விண்டோஸ் வேறுவகை டிபக் ஹீப்பைத் தருகிறது. நினைவக அமைப்பே மாறிப்போகும். நிரலைத் தனியே தொடங்கிவிட்டுப் பிறகு டிபக்கரை அதோடு அட்டாச் செய்தால் இந்த மாற்றம் இல்லை.

ஜிடிஐ (விண்டோஸின் படம் வரையும் பகுதி) பொருள்களை விடுவிக்காமல் விடும் கசிவுக்கு டாஸ்க் மேனேஜரே போதும். டீடெய்ல்ஸ் பகுதியில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ், யூசர் ஆப்ஜெக்ட்ஸ் என்ற இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிரலுக்கு இயல்பான எல்லை ஒவ்வொன்றிலும் 10,000. அதை நெருங்கும்போது மெனு பாதி வரையப்படும், பட்டன்கள் கறுப்பாகும், பிறகு ஜிடிஐ பிளஸ் பிழையோடு நிரல் விழும். ஒரு திரையைத் திறந்து மூடி, எண் பழைய நிலைக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் 2 கூடினால் கெட்ஐகான்இன்ஃபோ மேல் சந்தேகம் கொள்ளலாம். அது இரண்டு பிட்மேப்களைத் தருகிறது, இரண்டையும் நாம்தான் அழிக்க வேண்டும். டாட்நெட்டில் கெட்ஹெச்பிட்மேப் தருவதை டெலீட்ஆப்ஜெக்டால் அழிக்க வேண்டும். பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் அதைத் தொடாது. ரெஜிஸ்ட்ரியில் ஜிடிஐ எல்லையை 65,536 வரை உயர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். கசிவு அப்படியே இருக்கும், கிராஷ் மட்டும் தள்ளிப்போகும்.

ப்ராக்மான்

மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்தத் தொகுப்பில், நிரல் தொடும் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரியையும் பதிவு செய்யும் ப்ராசஸ் மானிட்டருக்கு (சுருக்கமாக ப்ராக்மான்) ஈடில்லை. "நிறுவினோம், திறக்கவே இல்லை" என்ற புகார்களில் பெரும்பகுதியை இது தீர்க்கிறது. ப்ராசஸ் பெயரால் ஃபில்டர் போட்டு, சக்சஸ் என்ற முடிவுகளை விலக்கிவிட்டுப் பார்த்தால் காணாமல்போன டிஎல்எல், மறுக்கப்பட்ட ஃபோல்டர் எல்லாம் தெரியும். நேம் நாட் ஃபவுண்ட் நூற்றுக்கணக்கில் வரும், கலங்க வேண்டாம். டிஎல்எல்லை ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடும்போது அது இயல்பு. தேடலின் கடைசி இடத்திலும் கிடைக்காததுதான் பிரச்சினை. பஃபர் ஓவர்ஃப்ளோ என்று வருவதும் பிழையல்ல, கொடுத்த இடம் போதவில்லை, பெரிதாகக் கொண்டுவா என்ற பதில் மட்டுமே. நீண்டநேரம் பதிவு செய்வதானால் டிராப் ஃபில்டர்ட் ஈவென்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அது நினைவகத்தை விழுங்கிவிடும்.

டைம் டிராவல் டிபக்கிங்

2017 முதல் விண்டிபிஜியோடு வரும் இந்த வசதி நிரலின் ஓட்டத்தையே பதிவு செய்து, பின்னோக்கி ஓட்ட விடுகிறது. ஒரு மாறியின் மதிப்பு கெட்டுப்போயிருந்தால், அந்த முகவரியில் "பிஏ டபிள்யூ4" வைத்து "ஜி-" அடித்தால், அதைக் கடைசியாக எழுதிய வரியில் போய் நிற்கும். வேறு எந்தக் கருவியாலும் இவ்வளவு நேரடியாக விடை கிடைப்பதில்லை. ஆனால் நிரல் 10 முதல் 20 மடங்கு மெதுவாகும், பதிவுக் கோப்பு வேகமாகப் பல ஜிபி ஆகும், அட்மின் உரிமை வேண்டும். ஆகவே நம் கணினியில், பிழையை வரவழைக்கும் வழி தெரிந்த பிறகு, அந்தச் சில விநாடிகளை மட்டும் பதிவு செய்யப் பயன்படுத்துங்கள். த்ரெட்டுகள் முந்திக்கொள்வதால் வரும் பிழைகள் இந்த மெதுவான ஓட்டத்தில் வராமலே போகலாம்.

முழு டம்பிலும் இந்தப் பதிவிலும் நிரலின் நினைவகம் அப்படியே இருக்கிறது: திறந்திருந்த வாடிக்கையாளர் விவரம், தட்டச்சு செய்த கடவுச்சொல், டேட்டாபேஸ் இணைப்புச் சரம். பயனரிடம் சொல்லி அனுமதி வாங்கி, சுருக்கி, பாஸ்வேர்டோடு அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அவர் கணினியிலும் நம் சர்வரிலும் அழித்துவிடுங்கள்.