காணொளிச் சுற்றா, மூத்த மாணவரின் சொல்லா?

கொரோனா பரவலால் கல்லூரி வளாகங்கள் மூடிக் கிடந்த 2020, 2021 ஆண்டுகளில், தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் தயாரித்தவர்களுக்கு எளிதில் கிடைத்த வழிகள் இரண்டு: கல்லூரி வெளியிடும் காணொளிச் சுற்று, அங்கே படிக்கும் மாணவருடன் தொலைபேசிப் பேச்சு.

காணொளி வளாகத்தின் பரப்பையும் கட்டடங்களையும் தெளிவாகக் காட்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. கல்லூரி விரும்பும் இடத்துக்கு மட்டுமே கேமரா போகிறது.

மாணவரோ, ஆய்வகக் கருவி இயங்குகிறதா, பருவத்தின் நடுவே ஆசிரியர்கள் விலகுகிறார்களா, விடுதியில் கோடையில் தண்ணீர் வருகிறதா, சேர்க்கையின்போது சொல்லாத கட்டணங்கள் பின்னர் முளைக்கின்றனவா என்பதையெல்லாம் சொல்லக்கூடியவர். வேலைவாய்ப்புக் கணக்கில் மூன்று நிறுவனங்களில் தேர்வான ஒருவரை மூன்று பேராக எண்ணியிருக்கிறார்களா என்றும் அவரிடமே கேட்கலாம். ஆனால், கணினி அறிவியல் மாணவரின் அனுபவம் கட்டடப் பொறியியலுக்குப் பொருந்தாது. பற்றும் கசப்பும் பேச்சில் கலக்கும் என்பதால், நாம் சேர விரும்பும் துறையிலேயே இருவரிடமாவது பேச வேண்டும். 2020இல் சேர்ந்தவர்களுக்குக் கல்லூரி பெரும்பாலும் கைப்பேசித் திரையாகவே இருந்ததால், 2021இல் மூன்றாம் ஆண்டினரையே நாடுவது நல்லதாக இருந்தது.

என் தேர்வு மாணவரின் சொல்லே. அதையும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டோடு, அந்த இரு ஆண்டுகளில் என்றால் பெருந்தொற்றுக்கு முந்தைய பருவங்களின் விழுக்காட்டோடு, ஒப்பிட்ட பிறகே பட்டியலில் வரிசையை முடிவுசெய்வேன்.