இலவச மென்பொருளுக்கு 4,000 ரூபாய்: பழைய கணினி வாங்குவோர் கவனத்திற்கு

சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் பழைய கணினி வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக, குறிப்பாக என்னைப் போல் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு வரை அலைய வேண்டாமே என்று எங்கள் பகுதிக் கடை ஒன்றில் கணினி வாங்கியபோது, அதன் விலைக்கு மேல் ‘எம்.எஸ். ஆஃபீஸ், ஒரிஜினல்’ என்று சொல்லி 4,000 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டுதான் கிடைத்தது.

திரையில் வேர்ட், எக்செல் என்ற பெயர்களோடும் அதே நீல, பச்சைச் சின்னங்களோடும் ஐகான்கள் இருந்தன. திறந்தால் மேல்பட்டையில் லிப்ரே ஆஃபீஸ் என்று வருகிறதே எனக் கேட்டதற்கு, “ஆஃபீஸ்தான்ணா, புது வெர்ஷன்” என்றார் கடைக்காரர். எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளின் கொள்முதல், விற்பனைப் பட்டியல்கள் அதில் ஒழுங்காகவே திறந்தன. கூட்டல்களும் சரியாக வந்தன.

கடைகளின் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் நேரத்தில்தான் குட்டு உடைந்தது. ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் எக்செல் கோப்பில் விவரங்களை நிரப்பி, அதிலுள்ள பொத்தான்களை அழுத்திச் சரிபார்த்தால்தான் தளத்தில் ஏற்றுவதற்கான ஜேசன் கோப்பு உருவாகும். அந்தப் பொத்தான்களுக்குப் பின்னால் இருப்பவை மைக்ரோசாஃப்டின் விபிஏ என்ற மொழியில் எழுதப்பட்ட மேக்ரோக்கள், அதாவது கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரல்கள். லிப்ரே ஆஃபீஸ் அவற்றில் ஒரு பகுதியைத்தான் இயக்கும் என்பதால், அழுத்தியபோதெல்லாம் பிழைச் செய்தியே வந்தது. கடைசி நாளான 20-ஆம் தேதியைத் தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் என்பதால், எல்லாவற்றையும் தளத்திலேயே நேரடியாகத் தட்டச்சு செய்து முடித்தேன். லிப்ரே ஆஃபீஸ் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடியது என்பதை ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த மென்பொருளின் மேல் எனக்கு வருத்தமில்லை. அதன் சொந்த வடிவமான ஓடிஎஃப் 2006-லும், மைக்ரோசாஃப்டின் டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவங்கள் 2008-லும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் பொதுத் தரமாகிவிட்டன. ஒன்றில் எழுதியதை மற்றொன்று படிப்பது அதனால்தான். ஆனால் விபிஏ அந்தத் தரத்துக்குள் வருவதில்லை. எழுத்துருவும் கோப்போடு தானாக வருவதில்லை. லதா எழுத்துருவில் அடித்திருந்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத இக்கணினியில் வேறு எழுத்துருவுக்கு மாறி, ஒரு பக்கத்தில் அடங்கியவை இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தன. வெறும் கடிதமும் பட்டியலும் மட்டும் போதும் என்பவர்களுக்கு லிப்ரே ஆஃபீஸே தாராளம்; அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போய்க் கேட்டபோது, “ஃபைல் தொறக்குதுல்லண்ணா, அப்புறம் இன்னா?” என்றவர், பணத்தைத் திருப்பித் தராமல், கிராக் செய்த எம்.எஸ். ஆஃபீஸைச் சும்மா போட்டுத் தருவதாகச் சொன்னார். பிறருடைய வரிக்கணக்கு இருக்கும் கணினியில், எவனோ பூட்டை உடைத்துக் கொடுத்த மென்பொருளை ஏற்ற நான் சம்மதிக்கவில்லை.

வாங்கப் போகிறவர்கள், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மேக்ரோ உள்ள கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய், கடையிலேயே பொத்தானை அழுத்திப் பாருங்கள். எக்செலில் ஃபைல் பட்டியலுக்குள் அக்கவுண்ட் என்ற இடத்தில், மென்பொருளின் பெயரும் அது ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதும் தெரியும். அந்தப் பெயரும் பதிப்பும் பில்லில் எழுதப்படாமல் பணத்தை நீட்டாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். 4,000 ரூபாய் இன்னும் வரவில்லை.